குங்குமத் தட்டும் எழுபத்திரண்டு பல்பும்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதச் சொன்னது ஒரு பெண். நான் மாட்டிய பல்புகளால் அவள் கல்யாணம் நிற்கப் பார்த்தது. என் மகள் வயது என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். அவள் கல்யாணம் எப்படி நிற்காமல் நடந்தது என்பதுதான் இதில் இருப்பது.

உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. ஏணி மேல் இருக்கும்போதுதான் நிம்மதி. அங்கே யாரும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். "ஏம்பா, அந்த ஃபேன்" என்பார்கள், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்பேன். விருந்து நடக்கும்போது ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவேன். எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்த பிறகு, சமையல்காரரோடு சமையல் கட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசைக்காரர் என்னைப் பார்ப்பாரே என்று சோறு இறங்காது.

மண்டபத்தில் அப்போது சி.எஃப்.எல். பல்புகள் இருந்தன, அந்தச் சுருள் பல்புகள். அவற்றில் ஒரு குறை. சுவிட்சைப் போட்டால் உடனே வெளிச்சம் வராது. தூக்கத்தில் எழுந்தவர் போல மங்கலாகக் கண் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும். கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும்போதெல்லாம் கல்யாண வீட்டார் இருட்டில் நின்று முணுமுணுப்பார்கள். பாதி பல்புகளின் அடிப்பாகம் கறுத்தும் போயிருந்தது.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடு. நல்லா பளீர்னு கீற மாதிரி பாத்து வாங்கியா. நீயே போய் எடு" என்றார்.

நீயே எடு என்று அதுவரை யாரும் என்னிடம் எதையும் விட்டதில்லை. காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கடையில் ஏழெட்டு விதம் எரியவிட்டுக் காட்டினார்கள். இருப்பதிலேயே கண் கூசுகிற பல்பைக் காட்டி, "இதுல எழுவத்திரெண்டு" என்றேன். கடைக்காரர் வேறு ஏதோ சொல்ல வந்தார். பேச்சு வளர்ந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கூச்சம் செய்த தப்பு அது.

மூன்று நாளில் தனியாளாக மாற்றினேன். கழற்றியவற்றை உடைக்க மனமில்லை. அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் சின்னப் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் சிதறும். ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சாக்கில் போட்டு, மேடைக்குக் கீழே இருந்த சாமான் அறையில் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாபா, செத்த பல்புக்குலாம் போர்வ போத்திக்கினு கீற?"

கடைசி பல்பையும் மாட்டி, மெயினைப் போட்டேன். மண்டபம் முழுக்க ஒரே நொடியில் வெளிச்சம். முதலாளி வாசலில் இருந்து மேடை வரை நடந்து பார்த்தார். "பட்டப்பகலு மாரி கீதுபா" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

புது வெளிச்சத்தில் நடந்த முதல் கல்யாணம் அந்தப் பெண்ணுடையது. பெண் வீட்டார் பழையசீவரம் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் தென்னேரி. மாலையில் நிச்சயதார்த்தமும் வரவேற்பும், மறுநாள் காலையில் முகூர்த்தம்.

பொழுது சாயும் நேரத்தில் லைட்டைப் போட்டுவிட்டுச் சமையல் கட்டுப் பக்கம் போனேன். சமையல்காரர் கேசரி அண்டாவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இந்தக் கேசரி பொடி டூப்ளிகேட்டு போலகீது. எவ்ளோ போட்டாலும் கலரே ஏறல."

"பாக்க மங்கலாத்தாண்ணா கீது" என்றேன்.

இன்னும் ஒரு கரண்டி கலர் பொடி போட்டுக் கிளறினார். கையில் வந்து விழுந்த துப்பு அது. எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரம் பெண் அறையில் ஃபேன் சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. மூன்று பல்பு மாட்டியிருந்தேன். ஏணியைப் போட்டு மேலே ஏறினேன். கீழே பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாயில் வரிசைத் தட்டுகள் இருந்தன. மணப்பெண் சுவரோரம் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃபேனின் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா முகூர்த்தப் புடவைப் பெட்டியைத் திறந்தார். புடவையை மடிப்புக் கலைத்து விரித்தார்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்ப் புடவை எடுப்பார்கள். எடுத்த புடவை மாப்பிள்ளை வீட்டில் இருக்கும். நிச்சயதார்த்தத்தன்று தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். நடுவில் பெண் வீட்டார் அதைப் பார்ப்பதில்லை. ஜாக்கெட்கூடப் பச்சையில் தனித் துணி எடுத்துத் தைத்திருந்தார்கள். அதனால் கடையில் பார்த்த புடவையை அன்றுதான் மறுபடி பார்க்கிறார்கள்.

பெண்ணின் அத்தை எழுந்து வந்து முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தியம்மா இது? நாம எடுத்தது அரக்கு. இது இன்னா புளி கரைச்ச கலர்ல கீது?"

"அதே பொடவதாம்மா. கடையில கட்டிக் குடுத்தத அப்பிடியே பீரோல வெச்சி எடுத்தாந்தேன்."

"அதே பொடவயா? இரு." அத்தை போனை எடுத்தார். கடையில் பிடித்த போட்டோவைத் தேடிக் காட்டினார். போட்டோவில் புடவை நல்ல அரக்குச் சிவப்பு. கையில் இருந்தது மரப்பட்டை போல. "பாருங்கடி எல்லாரும். டிசைன் அதே மாங்கா. கலர் வேற. அதே மாரி சீப்பா ஒண்ண வாங்கினு வந்து நம்ம பொண்ணு தலையில கட்டப் பாக்கறாங்க."

"வாய அளந்து பேசு. எங்க வூட்ல பொடவ மாத்தற பொழப்பு கெடையாது."

"அப்ப இது இன்னா?"

"உன் கண்ணுல கோளாறு!"

"என் கண்ணுல கோளாறுன்னா போனுக்குமா கோளாறு?"

எனக்கு ஏணியிலிருந்து இறங்க வழியில்லை. ஏணியின் இரண்டு பக்கமும் இரண்டு வீட்டுப் பெண்கள். ஃபேன் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இவ்ளோ பேர் எதிர்ல திருடின்னு சொன்ன வூட்ல பொண்ணு எடுக்க வேணாம். எல்லாம் பஸ்ல ஏறுங்க" என்றார்.

பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மணப்பெண் வைத்துக்கொண்டிருந்த பூவை மடியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையைத் தட்டுகள் மேல் வைத்தேன். மஞ்சள், வெற்றிலை, பழம். ஒரு வெள்ளித் தட்டில் குங்குமம் குவித்து வைத்திருந்தார்கள். அது குங்குமம் போல இல்லை. செங்கல் தூள் போல இருந்தது. நான் முதலில் அதைச் சீயக்காய் என்றுதான் நினைத்தேன். கல்யாணத் தட்டில் சீயக்காய் ஏன் என்று யோசித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேசரி நினைவுக்கு வந்தது. புடவையை யாரும் மாற்றவில்லை. மாறியது வெளிச்சம். மாற்றியது நான்.

சொல்ல வேண்டும். வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "அம்மா" என்றேன். கீழே இருந்த சத்தத்தில் அது என் காதுக்கே கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே புடவையைப் பெட்டிக்குள் திணிக்க ஆரம்பித்தார். முதலாளி வேறு உள்ளே வந்துவிட்டார். "மண்டபம் பூரா புது லைட்டு போட்டு மொத கல்யாணம், அதுல இப்பிடி பண்றீங்களே" என்று அவர் பங்குக்குக் கெஞ்சினார். பல்பைக் குறை சொன்னால் அது முதலாளியின் பெருமையைக் குறை சொன்னது போல. என் வேலை போகும். அதுவும் தெரிந்தது.

அப்போது மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் மேலே பார்த்தாள்.

"அண்ணா, நீங்க ஏதோ சொல்றீங்களா?"

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. ஃபேன் மூடியை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த... அந்தத் தட்டுல கீறது இன்னாம்மா?" என்றேன்.

"எது?"

"அந்த வெள்ளித் தட்டு."

"குங்குமம்" என்றாள்.

"அது இன்னா கலர்ல கீது, பாரும்மா."

அவள் குனிந்து தட்டைக் கையில் எடுத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுந்து போய் மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த புடவைக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்தாள். இரண்டும் ஒரே மாதிரி மங்கிப்போன பழுப்பு.

"அத்த, இந்தக் குங்குமத்தையும் மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

அத்தை தட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அந்தக் குங்குமம் என் கையால எங்க வூட்ல இருந்து எடுத்தாந்தது. செவப்புதான் அது" என்றார்.

"தப்பு பொடவையில இல்லீங்க" என்று ஏணி மேலிருந்தே சொன்னேன். "பல்புல கீது. இது பளீர்னு கீது, ஆனா செவப்ப செவப்பா காட்டல. நான்தான் பாக்காம வாங்கியாந்து மாட்டினேன். மொதலாளி மேல தப்பு இல்ல."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "இன்னாய்யா உளர்ற?" என்றார்.

"கொஞ்சம் டைம் குடுங்க மொதலாளி. பழைய பல்ப மாட்டிக் காட்றேன்."

மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்றபடியே, "மாட்டட்டும். அப்பவும் இதே கலர்னா நான் கெளம்பறேன்" என்றார்.

வழி விட்டார்கள். அவ்வளவு பேர் எனக்காக விலகி நின்றது அதுவே முதல் தடவை. சாமான் அறைக்கு ஓடினேன். சாக்கைப் பிரித்து அடிப்பாகம் கறுக்காத மூன்று பல்பைப் பொறுக்கினேன். அறைக்கு வந்து லைட்டை அணைத்தேன். வாசல் வழியாக வந்த வெளிச்சத்திலேயே மூன்றையும் மாட்டினேன். கை நடுங்கவில்லை. பல்பு மாட்டும்போது என் கை எப்போதும் நடுங்காது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "போடும்மா சுவிட்ச" என்றேன். மணப்பெண்தான் போட்டாள்.

பழைய பல்பு தன் பழக்கத்தை விடவில்லை. மங்கலாகத்தான் எரிந்தது. "இன்னும் மோசமா கீது" என்றார் அத்தை. "இருங்கம்மா, அது முழிக்கட்டும்" என்றேன். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முதலில் குங்குமத்தின் உச்சி சிவந்தது. பிறகு தட்டு முழுக்க. பிறகு எல்லார் கண் முன்னாலும் அந்தப் புடவை, உலைக்குள் வைத்த கரி காற்றுப் பட்டுக் கனல்வது போல, மடிப்பு மடிப்பாகச் சிவந்து வந்தது. இத்தனை வருஷம் எல்லாரும் திட்டிய அந்தப் பல்பின் மந்தம் அன்றைக்கு எனக்குச் சாட்சி சொன்னது. பளிச்சென்று எரிந்திருந்தால் ஏதோ வித்தை காட்டுகிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். மெதுவாக வந்ததால் நம்பினார்கள்.

அத்தை போனைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"இப்ப சொல்லு. யாரு டூப்ளிகேட்டு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"லைட்டுதான் சம்மந்தியம்மா டூப்ளிகேட்டு" என்றார் அத்தை. அவர் குனிந்து மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "என் வாய் இருக்கே, அதுக்கு ஒரு பீஸ் கட்டை போடணும்."

ஒருத்தி சிரித்தாள். அறை முழுக்கச் சிரிப்பு பரவியது. மாப்பிள்ளையின் அப்பா வெளியே போய், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களை இறங்கச் சொன்னார். மணப்பெண் மடியில் கிடந்த பூவை எடுத்து மறுபடியும் தலையில் வைக்கத் தொடங்கினாள். நான் ஃபேனைச் சரிசெய்து மூடியை மாட்டிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

முதலாளி தாழ்வாரத்தில் மடக்கினார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"சாக்குல இன்னும் எத்தினி நல்ல பல்பு கீது?"

"முப்பது தேறும் மொதலாளி."

"மேடைக்கும் பந்திக்கும் போட்டுடு. வீடியோக்காரன் வர்றதுக்குள்ள முடி." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தப் போர்வ போத்தினது நல்லதாப் போச்சிபா."

வரவேற்பு தொடங்குவதற்குள் முடித்தேன். பந்தியில் அந்த வெளிச்சத்தில் கேசரி இலைக்கு வந்தபோது ஒரு பெரியவர் "இது கேசரியா, ஆலத்தியா?" என்று கேட்டார். அவ்வளவு சிவப்பு. சமையல்காரர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் மேடையின் பக்கத்து ஜன்னல்கள் வழியாக வெயில் விழ, அந்த அரக்குப் புடவையில் பெண்ணுக்குத் தாலி ஏறியது. ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் நின்று மேளச் சத்தம் கேட்டேன். என் கண் கலங்கியிருந்தது. கொட்டகையில் யாரும் இல்லாததால் துடைக்கவில்லை.

அடுத்த வாரம் அதே காஞ்சிபுரம் கடைக்குப் போனேன். சட்டைப் பையில் குங்குமப் பொட்டலமும் ஒரு துண்டு வாழையிலையும் வைத்திருந்தேன். ஒவ்வொரு பல்பையும் எரியவிடச் சொல்லி, அதன் கீழே பிரித்துப் பார்த்தேன்.

"இன்னா தலைவரே, பல்புக்குப் பொட்டு வெச்சி பொண்ணு பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. போன தடவ பொண்ணு பாக்காம கட்டிக்கினு போய்ட்டேன்" என்றேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்ன பேச்சுக்கு ஒரு கடை முழுக்கச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கடைக்காரர் முதல் தடவை என்னிடம் சொல்ல வந்ததை இப்போது சொன்னார். பெட்டியின் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு. நான் வாங்கியதில் அந்த எண்ணே இல்லை. தொண்ணூறு போட்ட பல்பின் கீழே குங்குமம் குங்குமமாக இருந்தது. இலை பச்சையாக இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். முதலில் வாங்கிய பளீர் பல்புகளை வண்டி நிறுத்துமிடத்துக்கும் கழிவறைக்கும் மாற்றினேன். அங்கே யாரும் புடவை விரிப்பதில்லை.

அந்தக் கதை எப்படியோ பஜார் முழுக்கப் பரவியது. ஜவுளிக் கடைக்காரர் கூப்பிட்டார். ஸ்வீட் கடைக்காரர் கூப்பிட்டு, தன் ஜாங்கிரியை என் கையில் கொடுத்து "இத வெச்சிப் பாருப்பா" என்றார். பார்த்துவிட்டுத் தின்றும்விட்டேன். இப்போது அந்த வரிசையில் பாதிக் கடைகளில் எரிவது நான் பொட்டு வைத்துப் பார்த்த பல்புகள்தான். மாலையில் சைக்கிளில் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போவேன். சந்தோஷமாக இருக்கும்.

போன மாதம் அந்தப் பெண் தன் தங்கை கல்யாணத்துக்கு இதே மண்டபத்தைப் பதிவு செய்ய வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். ஒளி பாடம் நடத்தும்போது இந்தக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறாளாம். "நீங்களே எழுதிக் குடுங்கண்ணா. பசங்களுக்குப் படிச்சிக் காட்றேன்" என்று ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள். எனக்கு எழுத வராதும்மா என்றேன். "அன்னிக்குப் பேச வரலன்னுதான் நெனச்சீங்க" என்றாள்.

நேற்று மாலை அந்தத் தங்கையின் நிச்சயதார்த்தம் நடந்தது. அதே அறை. என்னை வேண்டுமென்றே கூப்பிட்டு அனுப்பினார்கள். அத்தைக்கு முடி நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. புடவையை விரித்து, பக்கத்தில் குங்குமத் தட்டை வைத்து, "இன்னா கரண்டு, உன் லைட்ட நம்பலாமா?" என்று கேட்டார்.

"நீங்களே பாருங்கம்மா" என்றேன். ஏணி இல்லாமல், தரையில் நின்றுதான் சொன்னேன்.

"மயில் கழுத்து" என்றார் அத்தை. இரண்டு வீட்டுப் பெண்களும் "மயில் கழுத்துதான்" என்றார்கள். ஒருத்தி வீம்புக்கு வாசல் வரை எடுத்துப் போய் வெயிலில் பார்த்துவிட்டு வந்தாள். வெயிலும் அதையேதான் சொன்னது.

நான் கொட்டகைக்குத் திரும்பக் கிளம்பினேன். அத்தை விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக முதல் பந்தியில் உட்கார வைத்தார். எதிர் வரிசையில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இலையில் கேசரி வந்தது. நல்ல நிறம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று காலை முகூர்த்தம் முடிந்து மண்டபம் காலியானதும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். தலைக்கு மேல் என் பல்பு எரிகிறது. கடைசியில் தேதி போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள்.

ஆவணி மாதம் இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை.